பழத்தோடு வருகிறவர்கள்

“...அப்படிப் பாத்தா, நீங்க பழத்தை வேணாம்னு சொல்லலீங்க, ஆளைத்தான் வேணாம்னு சொல்லியிருக்கீங்க” என்றாள் என் மனைவி.

பேச்சின் முதல் பாதி என் காதில் விழவில்லை. ஃப்ரிட்ஜின் அடித்தட்டைக் கழற்றிக் குழாயடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீரை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, சாயந்தரம் நாலரை மணி. கட்டிலில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஊசி ஏற்றும் இடது கை தலையணை மேல் இருந்தது. வலது கையில் அவளுடைய பட்டன் போன். கூடுவாஞ்சேரியிலிருந்து அவள் அண்ணன் பேசி அப்போதுதான் வைத்திருந்தார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அலுத்துப்போன குரலில் சொன்னாள்.

இது எப்படி வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்ல வேண்டும்.

அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் நின்றுபோய் இரண்டு வருஷம் ஆகிறது. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் காலையில் அஸ்தினாபுரத்திலிருந்து ஆட்டோ பிடித்து குரோம்பேட்டைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். நாலு மணி நேரம் மெஷின் அவள் ரத்தத்தை வாங்கிச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுக்கிறது. அங்கே முதல் வாரமே ஒரு தாளைக் கொடுத்தார்கள். எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று இரண்டு பத்தி. நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, அடுத்தவர்கள் நகலெடுக்கக் கொண்டுவரும் தாள்களைப் படித்துப் படித்தே நாலு எழுத்து கற்றுக்கொண்டவன். எத்தனையோ தாள் பார்த்திருக்கிறேன். இவ்வளவு கொடுமையான தாளைப் பார்த்ததில்லை. கூடாது என்ற பத்திதான் நீளம். வாழைப்பழம், சாத்துக்குடி, ஆரஞ்சு, இளநீர், மாதுளை, சப்போட்டா. பழத்தில் இருக்கும் பொட்டாசியம் உடம்பில் தங்கினால் இரண்டு மெஷின் நாளுக்கு நடுவே இதயமே நின்றுவிடலாம் என்று நர்ஸம்மா பொறுமையாகச் சொன்னார். ஒரு நாளைக்கு அரை ஆப்பிள். அவ்வளவுதான் அவளுக்கு அளந்தது.

காய்கறிக்கும் இதே கதைதான். சின்னதாக நறுக்கி, வெந்நீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேறு தண்ணீரில் வேகவைத்து, அதையும் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். “காயோட சாரத்தையெல்லாம் சாக்கடைக்குக் குடுத்துட்டு, சக்கையை எனக்குக் குடுக்கறீங்க” என்பாள். சொல்லிவிட்டுச் சாப்பிடவும் சாப்பிடுவாள்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு வாராவாரம் பழம் வந்து இறங்கியது.

நம் பக்கத்தில் உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. எங்கள் தெருமுனையில் பழவண்டி போட்டிருப்பவர் ஒருமுறை சொன்னார்: “கல்யாணத்துக்கு வெறுங்கையோட போய்த் துன்னுட்டு வர்றவன பாத்துக்கீறேன் சார். நோவாளிய பாக்க வெறுங்கையோட போறவன இன்னிய தேதி வரைக்கும் பாத்ததில்ல.” அவருக்கு எங்கள் வீட்டுப் படியேறும் ஆட்கள் எல்லோரும் தெரியும். யார் வந்தாலும் முதலில் அவர் வண்டியருகே நின்றுவிட்டுத்தான் மேலே வருவார்கள். எனக்குத் தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும், இன்றைக்கு எத்தனை பேர் என்று.

அதிகம் வந்தது கம்பெனிப் பெண்கள். என் மனைவி தாம்பரத்தில் ஓர் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் இருபது வருஷம் வேலை பார்த்தவள். தையல் மெஷினில் ஆரம்பித்து லைன் சூப்பர்வைசர் ஆனாள். அவள் லைனில் இருந்த பெண்கள் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குமேல் ஐந்தாறு பேராகச் சேர்ந்து வருவார்கள். சேர்ந்து வந்தாலும் ஆளுக்கொரு பை. “அஞ்சு பேரும் சேந்து ஒரு பை வாங்கக் கூடாதாம்மா?” என்று ஒருநாள் வேடிக்கையாகக் கேட்டேன். “அய்ய, அக்கா யார் பை எதுன்னு பாப்பாங்க சார்” என்று ஒருத்தி சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

இன்னொருவர் அவள் அண்ணன். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு சனிக்கிழமைக்கு ஒருமுறை கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலேறி வருவார். கையில் ஒரு சீப்பு செவ்வாழை. மாறவே மாறாது. அவரே ஒரு பழத்தைப் பிய்த்துத் தங்கை கையில் கொடுப்பார். “சாப்பிடும்மா, ரத்தம் ஊறும்.” அவள் வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள். “அப்புறம் சாப்பிடறேண்ணா, இப்பதான் காபி குடிச்சேன்.” அவர் கிளம்பும்வரை அது மடியிலேயே இருக்கும்.

“சொல்லிட வேண்டியதுதானே, உனக்கு ஆகாதுன்னு?” என்று நான் கேட்பேன்.

“சொல்லிட்டா அவரு கையை எங்க வெச்சுப்பாரு?” என்பாள். “வெறுங்கையோட வந்து உக்கார்ற மனுஷனுக்குக் கையை என்ன பண்றதுன்னே தெரியாதுங்க.”

இப்படி அவள் சொன்ன பேச்சுகள் நிறைய என்னிடம் சேர்ந்திருக்கின்றன. மனசில் சேர்த்து வைப்பதற்கு இடமும் வேண்டாம், அது அழுகிப்போவதும் இல்லை. பழம்தான் அப்படி இல்லை.

எங்களுடையது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். மகளுக்குக் கோயமுத்தூரில் கல்யாணம் ஆகிவிட்டது. வீட்டில் நாங்கள் இருவர். ஒருத்திக்குப் பழம் கூடாது, இன்னொருவனுக்குச் சர்க்கரை. ஆரம்பத்தில் வந்த பையை வந்தபடியே ஃப்ரிட்ஜுக்குள் தள்ளி முட்டுக்கொடுத்துக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தேன். ஒரே வாரத்தில் எல்லாம் பல்லிளித்தது. வாழைப்பழத் தோல் கரிக்கட்டை மாதிரி ஆனது. கேரி பேக்குக்குள் வியர்த்துக் கிடந்த சாத்துக்குடியில் ஒன்று பச்சைப் பொடி பூத்து, தொட்டுக்கொண்டிருந்த மூன்றையும் கெடுத்தது. கொய்யா வாசனை தயிரில் ஏறி, பாலில் ஏறி, கடைக்குக் கொண்டுபோன என் சாப்பாட்டு டப்பாவிலும் ஏறியது.

அப்போதுதான் அவள் கட்டிலில் இருந்தபடியே அதிகாரத்தைக் கையில் எடுத்தாள். கம்பெனியில் வெட்டின துணியை இருபது இருபதாகக் கட்டி லைனுக்கு அனுப்புவார்களாம், அதற்குப் பண்டில் என்று பெயர். “ஒரு பீஸ் டேமேஜ்னா அந்தப் பண்டிலையே பிரிச்சுப் போட்டுப் பாக்கணும். மேல இருக்கறதை மட்டும் பாத்துட்டு ஓகே போட்டா, ஷிப்மெண்ட் திரும்பி வரும்” என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தினம் செக்கிங். கடையைச் சாத்திவிட்டு வந்ததும் எல்லாப் பழத்தையும் கட்டிலில் பழைய பேப்பர் விரித்துக் கொட்ட வேண்டும். ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் உருட்டி, காம்பை அழுத்தி, மூக்கில் வைத்துப் பார்த்து, மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். இன்றே போக வேண்டியது, நாளைக்குப் போகலாம், நிற்கும். நான் அவசரத்தில் ஒன்றை ‘நிற்கும்’ பக்கம் தள்ளினால், அதை எடுத்து அடியைத் திருப்பிக் காட்டுவாள். அங்கே கட்டை விரல் அளவுக்கு ஒரு மெத்தென்ற இடம் இருக்கும்.

வழிகளும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தோம். ஆப்பிளை மற்றதோடு போட்டால் கூட இருப்பதையெல்லாம் பழுக்க வைத்துவிடுகிறது என்று தெரிந்ததும் அதை மட்டும் தனியாக ஒதுக்கினேன். “லைனுக்கு ஒருத்தி இப்படி இருப்பா, சும்மா இருக்கறவளையும் கெளப்பி விடறவ” என்றாள். வாழைச் சீப்பை ஜன்னல் கம்பியில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன், கீழே வைத்தால் வைத்த இடம் கன்றிப்போகிறது. சாத்துக்குடிக்குக் கேரி பேக்கே கூடாது, காற்றுப்படும்படி மூங்கில் தட்டில் ஒன்றையொன்று தொடாமல். திராட்சையைக் கழுவினால் கெட்டது, சாப்பிடும்போது கழுவினால் போதும். மாதுளை ஒன்றுதான் பொறுமைசாலி. தோல் காய்ந்து சுருங்கி மூதாட்டி மாதிரி இருந்தாலும் உள்ளே முத்து அப்படியே இருக்கும். கொத்துமல்லிக் கட்டை வேரை நறுக்கிப் பேப்பரில் சுற்றினால் பத்து நாள் தாங்கும். பச்சை மிளகாயைக் காம்பு கிள்ளி வைக்க வேண்டும். எல்லாம் சரி. ஆனால் இத்தனையும் செய்ய ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

கொடுத்துத் தீர்க்கலாமே என்பீர்கள். கொடுத்தோம். அதற்கும் அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். “கொண்டுவந்தவங்க தெருமுனை திரும்பறதுக்குள்ள எடுத்து நீட்டக் கூடாது. ஒரு ராத்திரியாவது நம்ம வீட்ல தங்கணும்.” ஒரு ராத்திரி தங்கின பிறகு கீழ் வீட்டுக்குக் கொஞ்சம், கடைக்கு வருகிறவர்களுக்குக் கொஞ்சம், குப்பை வண்டி தள்ளிவரும் அக்காவுக்கு ஒரு பை. அப்படியும் மிஞ்சும். மிஞ்சியது அழுகும். அழுகியதை எடுத்துப் போடும்போது அவள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். யார் கொண்டுவந்தது என்பது அவளுக்கு நினைவிருக்கும்.

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை. தயிர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் ஒரு திராட்சைப் பெட்டி செக்கிங்குக்குத் தப்பி ஒளிந்திருந்தது. தண்ணீராகி, தட்டெல்லாம் வழிந்து, கொசு மாதிரி சின்னப் பூச்சிகள் கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தன. எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துடைத்து முடித்தபோது முதுகு விட்டுப்போனது. மறுநாள் காலை மெஷின் நாள். அவளை உள்ளே படுக்க வைத்துவிட்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். இனி முடியாது என்று தோன்றியது. அவளைப் பார்த்துக்கொள்வதில் எனக்கு அலுப்பு வந்ததில்லை. இந்தப் பழத்தைப் பார்த்துக்கொள்வதுதான் என்னைக் கொன்றது.

என் போனில் இரண்டு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. ஒன்று சொந்தக்காரர்களுடையது. இன்னொன்று கம்பெனிப் பெண்கள் அவளுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஆரம்பித்து, என்னையும் சேர்த்துக்கொண்டது. கடையில் மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துப் பழக்கப்பட்ட கை. நல்ல தமிழில் அடித்தேன். ‘மருத்துவரின் அறிவுரைப்படி என் மனைவி பழங்கள் உண்ணக் கூடாது. தாங்கள் அன்போடு கொண்டுவரும் பழங்கள் வீணாகின்றன. ஆகவே, பார்க்க வருபவர்கள் தயவுசெய்து பழம் வாங்கி வர வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ இரண்டு குரூப்பிலும் போட்டேன். கும்பிட்ட கைகளும் கட்டை விரல்களும் வரிசையாக வந்து விழுந்தன. ஒருத்தர்கூட ஏன் என்று கேட்கவில்லை. அவளிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள் என்று தெரியும்.

அந்த ஞாயிறு யாரும் வரவில்லை. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஃப்ரிட்ஜில் அவளுக்கான ஆப்பிள், பேப்பரில் சுற்றின கொத்துமல்லி, நறுக்கின பீன்ஸ், தயிர். கதவைத் திறந்தால் பின்சுவர் தெரிந்தது. சாயந்தரம் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சும்மா இருந்தேன், எத்தனையோ நாளைக்குப் பிறகு. “மழையா இருக்கறதால வந்திருக்க மாட்டாளுங்க” என்றாள் அவள்.

அடுத்த ஞாயிறு மழை இல்லை. மூன்றரைக்கே முகம் கழுவி, புடவை மாற்றி, தலை வாரிக்கொண்டாள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பிரித்துப் போடச் சொன்னாள். பிரித்துப் போட்டேன். ஆறரைக்கு நானே மறுபடி அடுக்கினேன். “ஷிப்மெண்ட் நேரம். ஞாயித்துக்கிழமையும் ஓட்டுவாங்க” என்றாள். சனிக்கிழமை வர வேண்டிய அண்ணனும் வரவில்லை.

அந்த வாரம் குப்பை வண்டி அக்கா படிக்கட்டில் என்னை நிறுத்தினார். பழம் இல்லாததைத்தான் கேட்கப்போகிறார் என்று நினைத்து, “இப்பல்லாம் வர்றதில்லம்மா” என்றேன்.

“அத்த கேக்கல சார். அம்மாவ பாக்க யாரும் வர்றது இல்லியா? ஒடம்பு ரொம்ப முடிலயா, இன்னா?” என்றார். குப்பையில் பழத்தோல் இல்லையென்றால் அந்த வீட்டுக்கு ஆள் வரவில்லை என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். சரியான கணக்கு. படியிறங்கிப் போனேன்.

இரண்டு நாள் கழித்துத் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் கம்பெனிப் பெண்களில் ஒருத்தியைப் பார்த்தேன். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றவள், என்னைக் கண்டதும் கொஞ்சம் தடுமாறினாள். “அக்கா எப்படி இருக்காங்க சார்? வரணும்னு தினம் பேசிக்கறோம் சார். பழம் வேணாம்னுட்டீங்க. சும்மா எப்படிக் கையை வீசிக்கிட்டு வர்றதுன்னு...” பஸ் வந்துவிட்டது. ஏறின பிறகும் ஜன்னல் வழியாக, “கண்டிப்பா வர்றோம் சார்” என்றாள். பொய் சொல்கிற பெண் இல்லை. ஆனால் வர மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. வெறுங்கையோடு வாருங்கள், மனசார வாருங்கள் என்று நான் எவ்வளவு பணிவாக எழுதினாலும், அப்படி வருவதற்கு இங்கே யாருக்கும் கால் எழாது.

இதையும் வீட்டில் சொல்லவில்லை. மூன்றாவது ஞாயிறு அவள் நாற்காலியைப் பிரிக்கச் சொல்லவில்லை. நானாகப் பிரித்துப் போட்டேன். “எதுக்கு?” என்றாள். ஒரு பேச்சுக்குக்கூடக் காரணம் சொல்லவில்லை அன்றைக்கு. மழையையும் சொல்லவில்லை, ஷிப்மெண்டையும் சொல்லவில்லை. எதையோ தானே தப்பு செய்துவிட்டதாக நினைக்க ஆரம்பித்திருந்தாள். “போன தடவை அந்தச் சின்னவளை ஏதோ சொல்லிட்டேனா? கல்யாணப் பேச்சு எடுத்தேன், அதுல கோவமோ?” என்று ஒருநாள் மெஷினில் படுத்திருந்தபோது கேட்டாள். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். பக்கத்துப் படுக்கையில் ஆள் இருக்கிறது என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

நாலாவது ஞாயிறு அவளே அண்ணனுக்குப் போன் போட்டாள். பட்டன் போனில் எப்போதும் ஸ்பீக்கர்தான். தேய்த்துக்கொண்டிருந்தபோதே அவர் குரல் எனக்குக் கேட்டது.

“வரணும்மா. வரக் கூடாதுன்னு இல்ல. மாப்ள பழம் வேணாம்னு போட்டிருந்தாரு. உனக்கு ஆகாதாமே, தெரியாம நான் பாட்டுக்குத் திணிச்சிருக்கேன் பாரு, சே. சரி, வேற என்ன வாங்கறதுன்னு யோசிச்சேன். பிஸ்கட் வாங்கலாம்னா அதுல உப்பு இருக்குமாம். அப்படியே தள்ளித் தள்ளிப் போச்சு...”

அதற்குப் பிறகு நான் குழாயைத் திறந்துவிட்டேன். கேட்க விரும்பவில்லை என்பதுதான் உண்மை. அவள் பேச ஆரம்பித்ததும் அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில்தான். நான் நிறுத்தியபோது கடைசி வாக்கியம் வந்து சேர்ந்தது.

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். “உனக்காகத்தான் போட்டேன்” என்றேன். என் காதுக்கே அது பொய்யாகப் பட்டது. “இல்ல. எனக்காகத்தான் போட்டேன். முடியல. நீ சாப்பிட முடியாததை உன் எதிர்லயே வெச்சு, தெனம் உருட்டிப் பாத்து, அழுகறதைப் பொறுக்கிப் போட்டு... என்னால முடியல.”

“தெரியும்” என்றாள். “நீங்க தட்டைக் கழுவற சத்தத்துலயே தெரியும். டங்கு டங்குனு வெப்பீங்க.” வாசலைப் பார்த்தாள். “அழுகினா தூக்கிப் போடுங்க. அது பழம்தானே. செக்கிங் தெனமும் வேணாம், ரெண்டு நாளைக்கு ஒரு தரம் வெச்சுக்கலாம். நாலு பீஸ் டேமேஜ் போவட்டும். நான் ஒண்ணும் சொல்லலே. ஆனா இந்த ரூம்ல நாலு பேர் வந்து சத்தமா சிரிச்சு ஒரு மாசம் ஆச்சுங்க. செவ்வாக்கிழமை மெஷின், வெள்ளிக்கிழமை மெஷின். நடுவுல எனக்கு என்ன இருக்கு?”

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

“உங்க போனைக் குடுங்க.”

கொடுத்தேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். எங்கே அழுத்தினால் பேசலாம் என்று கேட்டாள், காட்டினேன். ஒற்றைக் கையால் பிடித்துக் கட்டை விரலால் அழுத்துவது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. பிடித்துக்கொள்ளட்டுமா என்றதற்குத் தலையசைத்து மறுத்துவிட்டு, போனை மடியில் கிடத்தி, குனிந்து பேசினாள். இருபது வருஷம் மெஷின் இரைச்சலுக்கு மேலே பேசிய குரல் அது. அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

“எல்லாருக்கும் சொல்றேன், கேட்டுக்குங்கடி. இவரு போட்ட மெசேஜ் நெஜம்தான், நான் பழம் சாப்பிடக் கூடாது. பாக்கக் கூடாதுன்னு எந்த டாக்டரும் சொல்லலே. வர்ற ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு எல்லாரும் வரணும். சீத்தாப்பழம் வந்திருக்காம். ஆளுக்கு ரெண்டு, அதுக்கு மேல வாங்காதீங்க. ரொம்பப் பழுத்ததா வாங்கிடாதீங்க, இவரு ரெண்டு நாள் வெச்சுக் காப்பாத்தணும். கொஞ்சம் காயா பாத்து வாங்குங்க.”

விரலை எடுத்தாள். போய்விட்டதா என்று கேட்டாள். போய்விட்டது என்றேன். பிறகு சொந்தக்காரர்கள் குரூப்பை எடுத்துக் கொடுக்கச் சொல்லி, தொண்டையைச் செருமிக்கொண்டு, “அண்ணா, உனக்கும்தான்” என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள்.